வாசிச்சு முடிக்கட்டும்

பர் துபாயில் வளர்ந்த நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் நம் வீடு நமக்கு மட்டும் சொந்தமாக இருந்ததில்லை. இரண்டு அறை உள்ள ஃபிளாட்டில் ஓர் அறை நமக்கு, மற்றது வாடகைக்கு. குளியலறைக் கொடியில் அந்நியர் ஒருவரின் துண்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் அவருடைய பாத்திரம், ஹாலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தொலைபேசி. உங்கள் வீட்டில் மலையாள நர்ஸ் ஒருவர் இருந்திருப்பார், அல்லது யாழ்ப்பாணத்து டைப்பிஸ்ட். எனக்குப் பதினொரு வயதான கோடையில் எங்கள் வீட்டில் இருந்தவர் ஒரு பிலிப்பைன்ஸ் இளைஞர். நான் அவரை அண்ணன் என்று கூப்பிட்டேன். அதன் பொருளை அவருக்கு யாரும் சொல்லவில்லை. தன் பெயரைத் தமிழில் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, கூப்பிட்டால் திரும்பினார். அவர் என்னை 'பாஸ்' என்றார்.

அப்பா ஒரு ஏசி கம்பெனியில் ஆட்களின் வருகையைக் குறிக்கும் டைம்கீப்பர். அண்ணன் அதே கம்பெனியில் டெக்னீஷியன். கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்பில், எட்டுப் பேர் படுக்கும் அறையில், அவருடைய எலெக்ட்ரிக் கிடாருக்கு இடமில்லை. இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர்கள் அதைத் தூக்கி எறிந்துவிடுவோம் என்று மிரட்டினார்களாம். அப்பா அவரை வீட்டுக்கு அழைத்து வந்தார்.

"கல்யாணம் ஆகாத பையனைக் கொண்டாந்து வைக்கிறீங்களே. பொம்பளப் புள்ள இருக்கிற வீடு" என்றாள் அம்மா.

"நல்ல பையன். நம்ம ஏசியை ஓசியில பாத்துக்குவான்."

"ஏசிக்காக ஆளு வைப்பாங்களா யாராவது?"

வந்த முதல் வெள்ளிக்கிழமையே அண்ணன் எங்கள் ஜன்னல் ஏசியைக் கழற்றி, ஃபில்டரைக் கழுவி, கேஸ் ஏற்றி மாட்டினார். அன்று மதியம் அம்மா போர்வை தேடினாள். அதற்குப் பிறகு அவர் 'அந்தப் புள்ள' ஆனார். அவர் சமைக்கும்போது வீடு முழுக்கக் கருவாடும் வினிகரும் மணக்கும். அம்மா மூக்கைச் சுளிக்கவில்லை. "நம்ம நாகப்பட்டினம் வாசனைதான். கொஞ்சம் புளிச்சுப் போயிருக்கு" என்றாள்.

கிடார் சிவப்பு நிறம். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் பழையதாக வாங்கியது. அதனுடன் முன்பக்கத் துணி கிழிந்த ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர். அதை அவர் அடிக்கடி திறந்து பற்றவைப்பார். ஈயமும் பிசினும் கருகும் வாசனை ஹால் வரை வரும். அவர் வாசித்தது ராக். அப்பா கதவருகே நின்று, "என்ன தம்பி, கம்ப்ரசர் போயிடுச்சா?" என்று ஆங்கிலத்தில் கேட்பார். "கேஸ் லீக், சார்" என்பார் அண்ணன், வாசிப்பதை நிறுத்தாமல்.

ஊரில் அவருக்கு ஓர் இசைக்குழு இருந்தது. அதில் பாடியவள்தான் அவர் கட்டிக்கொள்ள இருந்த பெண். அவள் தன் குரலை மட்டும் ஒலிநாடாவில் பதிந்து அனுப்புவாள். வாத்தியம் எதுவும் இருக்காது. தாளத்துக்கு விரல் சொடுக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அண்ணன் அதை ஹெட்போனில் கேட்டபடி கிடார் வாசிப்பார். ஹாலில் இருக்கும் எங்களுக்குப் பாட்டின் ஒரு பாதிதான் கேட்கும். திடீரென்று நிறுத்துவார், காத்திருப்பார், மறுபடி தொடங்குவார். அந்த இடைவெளிகளில் அவள் பாடிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஒருநாள் ஹெட்போனை என் காதில் வைத்தார். எதிர்பார்த்ததைவிடக் கட்டைக் குரல்.

அந்தப் பெண் தினமும் மாலையில் அண்ணனின் வீட்டுக்குப் போய் அவருடைய அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. அண்ணன் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: ஒரு முறை ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்க வேண்டும். ஏசி கம்பெனியில் கோடையில் யாருக்கும் லீவு கிடையாது. பாஸ்போர்ட்டுகள் ஆபீஸ் பெட்டகத்தில் இருந்தன. பெட்டகத்தின் சாவி கஃபீலிடம், அதாவது எங்கள் எல்லோருக்கும் விசா கொடுத்த அரபு முதலாளியிடம். அண்ணன் வாரம் தவறாமல் அப்பாவிடம் கேட்பார்.

"அக்டோபர்" என்பார் அப்பா. "எவ்ரிபடி அக்டோபர்."

"எனக்குப் பரவாயில்லை, சார். அம்மாவுக்கும் அக்டோபர் வரை பொறுமை வேண்டுமே" என்று அவர் ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை மாலை, பள்ளிக்கூட ஹால் ஒன்றில் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஒன்றுகூடல் ஏற்பாடு செய்திருந்தார்கள். அண்ணனும் அவருடைய நண்பர்கள் மூவரும் அதில் வாசிக்க இரண்டு மாதமாகப் பழகினார்கள். எங்கள் மூவருக்கும் அழைப்பு இருந்தது.

அதற்கு முந்தைய ஞாயிறு மாலை, அண்ணன் சைட்டிலிருந்து திரும்புவதற்கு முன், தொலைபேசி ஒலித்தது. வெளிநாட்டு அழைப்பென்றால் அப்பா எழுந்து நின்று பேசுவார். அன்றும் எழுந்து நின்றார். நான் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேன். "யெஸ்... யெஸ்... வெரி சாரி... ஐ வில் இன்ஃபார்ம்" என்றார். வைத்த பிறகும் உட்காரவில்லை.

"அந்தப் புள்ளையோட அம்மா போயிட்டாங்களாம். இன்னைக்குக் காலையில. பேசினது அந்தப் பொண்ணு."

"அய்யோ" என்றாள் அம்மா. "அவன் வர்ற நேரமாச்சே. எப்படிங்க சொல்லப் போறீங்க?"

"இப்ப சொல்லப் போறதில்ல."

"பின்ன?"

"அவன் வர்ற வரைக்கும் வச்சிருக்கோம்னு சொல்லுது அந்தப் பொண்ணு. துக்கத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அவங்க ஊரும் நம்ம ஊர் மாதிரி வெயில் ஊருதான். எத்தனை நாளு வைப்பாங்க? நாளைக்கே எடுத்துருவாங்க. இவனுக்கு லீவும் கெடைக்காது. தெரிஞ்சு என்ன ஆகப் போவுது? ஏணியில ஏறுற வேலை, எங்கயாவது விழுந்து வைப்பான். ரெண்டு மாசமா உசுரக் குடுத்து வாசிக்கிறான். வியாழக்கிழமை வாசிச்சு முடிக்கட்டும். வெள்ளிக்கிழமை நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

பிறகு என்னைப் பார்த்து, "நீ எதுவும் உளறக் கூடாது" என்றார்.

இதைக் கொடுமை என்று இப்போது எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் நம் வீடுகளின் வழக்கம் அதுதான் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். வளைகுடாவில் இருப்பவனுக்கு ஊர்ச் சாவைச் சொல்ல மாட்டார்கள். அவனால் வர முடியாது. ஊரில் அன்று மாலையோ மறுநாளோ தகனம் முடிந்துவிடும். எனவே கடிதங்களில் செத்தவர் தொடர்ந்து நலமாக இருப்பார். மகன் லீவில் வீடு வந்து சேரும்வரை இருப்பார். என் தாத்தாவும் அப்படித்தான் செத்த பிறகு நான்கு மாதம் உயிரோடு இருந்தார். அப்பா அவருக்கென்று ஒரு கம்பளி வாங்கிப் பெட்டியின் மேலாக வைத்துக்கொண்டு ஊருக்குப் போனார். வாசலுக்கு வந்த பாட்டியின் நெற்றியில் பொட்டு இல்லை. அதைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அந்தக் கம்பளியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். "நல்லதுக்குத்தான் மறைச்சாங்க" என்று அப்பா அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சொல்வார். வேறு எதையும் அவர் அத்தனை முறை சொல்லி நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை முதல் அம்மா அண்ணனுக்கும் சேர்த்துச் சமைத்தாள். வறுவல், அப்பளம், ஒருநாள் பாயசம். "பாஸ், இன்று என்ன பண்டிகை?" என்று என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். அவர் பாயசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்துவிட்டு அறைக்குப் போய் வாசித்தார். அம்மா சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் மறுபடி பேசினாள். அண்ணன் அப்போதும் சைட்டில் இருந்தார். என்றைக்கு வருகிறார் என்று கேட்டாள். அப்பா ஒரு கணம் தயங்கி, லீவுக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறார் என்று சொன்னார்.

"இன்னும் எடுக்கலையாமா?" என்றாள் அம்மா.

"எடுத்திருப்பாங்க. சும்மா சொல்லுது."

"அது ஏங்க சும்மா சொல்லணும்?"

அப்பா டெலிவிஷனைப் போட்டார். அரபியில் செய்தி ஓடியது. அவருக்கு அரபி பாதிதான் புரியும். முழுச் செய்தியையும் பார்த்தார்.

வியாழக்கிழமை அம்மா நிகழ்ச்சிக்கு வர மறுத்துவிட்டாள். தலைவலி என்று அண்ணனிடம் சொன்னாள். அப்பாவிடம், "என்னால அங்க வந்து கைதட்டிக்கிட்டு உக்கார முடியாது" என்றாள். நானும் அப்பாவும் போனோம். எங்களுக்கு முதல் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள்.

ஹாலில் ஏசி சரியாக வேலை செய்யவில்லை. மேடையில் இருந்த நால்வரில் மூவர் ஏசிக்காரர்கள் என்பதால் இதற்குப் பெரிய சிரிப்பு எழுந்தது. அண்ணன் கறுப்புச் சட்டை போட்டிருந்தார். முடியை நனைத்துப் பின்னால் சீவியிருந்தார். டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தட்டிக் கணக்குச் சொல்ல, எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தது. இரண்டு மாதமாகக் கதவுக்கு இந்தப்புறம் நான் கேட்டிருந்த பாதிப் பாட்டுகள் அன்று முழுசாக வந்தன. என் நாற்காலிக் கால் அதிர்ந்தது. வீட்டு வேலை செய்யும் பெண்களும், சிப்பந்திகளும், கப்பல் பட்டறை ஆட்களும் எழுந்து நின்று கூச்சலிட்டார்கள். ஒரு பாட்டின் நடுவில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தனியாக வாசித்தார். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன் நான் யாரிடமும் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருக்கும் மனிதனின் முகம் அவ்வளவு பாதுகாப்பற்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்பா கைதட்டினார். பக்கத்திலிருந்தவர் எழுந்து நின்றதும் அவரும் எழுந்து நின்று தட்டினார். அவருடைய கண் மேடையில் இல்லை. மேடைக்குக் கீழே சுருண்டு கிடந்த கம்பிகளில் இருந்தது.

கொண்டாட்டம் தொடர்ந்ததால் அண்ணன் நண்பர்களுடன் தங்கிவிட்டார். நாங்கள் வீடு திரும்பியபோது அம்மா தொலைபேசி அருகிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க கெளம்புன கொஞ்ச நேரத்துல அந்தப் பொண்ணு பேசுச்சு. அவன் எங்கன்னு கேட்டுச்சு."

"என்ன சொன்ன?"

"மியூசிக் புரோகிராம் போயிருக்குன்னு சொன்னேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல வேற என்ன சொல்றது? அது தேங்க் யூ மேடம்னு சொல்லிட்டு வச்சிருச்சு."

அப்பா காலணியைக் கழற்றினார். "சரி, விடு. நாளைக்குச் சொல்லிடறேன்ல."

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் வந்தார். விரல் நுனிகளில் பிளாஸ்திரி. கையில் கொண்டாட்டத்தில் மிஞ்சிய நூடுல்ஸ், எங்களுக்காக. அப்பா அவரை ஹால் சோபாவில் உட்கார வைத்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். அப்பா முதலில் உடம்பு, வயது, கடவுள் என்று பேசினார். பிறகு சொன்னார்.

அண்ணன் முகத்தில் முதலில் வந்தது துக்கம் அல்ல. அவசரம்.

"எப்போது, சார்?"

"ஞாயிறு."

"இந்த ஞாயிறா?" அவர் எழுந்துவிட்டார். "அப்படியானால் இன்னும் வைத்திருப்பார்கள்."

"இல்ல தம்பி, அதெல்லாம் அன்னைக்கே..." அப்பா தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்கு மாறினார். அன்றைக்கே முடிந்திருக்கும் என்றார். மனதைத் தேற்றிக்கொள் என்றார்.

"இல்லை சார். எங்கள் ஊரில் காத்திருப்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வந்த பிறகுதான் புதைப்பார்கள். உடம்பில் மருந்து ஏற்றி ஒரு வாரம், பத்து நாள்கூட வைப்பார்கள். அதற்குத்தான் அவள் போன் செய்திருப்பாள். காத்திருக்கிறோம் என்று அவள் சொல்லவில்லையா?"

"சொன்னாள்" என்றார் அப்பா.

அவர் சட்டையை எடுத்துப் பொத்தானை மாற்றி மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்தாமல் படியிறங்கி ஓடினார். அப்பா ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

அண்ணன் அறையில் ஒரு பையை எடுத்தார். துணிகளைத் திணித்தார். கறுப்புச் சட்டையை வெளியே எடுத்தார், மறுபடி உள்ளே வைத்தார். பிறகு ஹாலுக்கு வந்து வெளிநாட்டு ஆபரேட்டரை அழைத்தார். அவர் வீட்டில் தொலைபேசி இல்லை. அந்தப் பெண் பக்கத்து ஊர்த் தொலைபேசி நிலையத்துக்கு வந்துதான் பேசுவாள். லைன் கிடைக்கவில்லை. மறுபடி அழைத்தார். மறுபடியும்.

"வேறு அழைப்பு வந்ததா, மேடம்?"

அம்மாவுக்கு அந்தக் கேள்வி புரிந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு அவளே, செவ்வாய்க்கிழமை என்றும், நேற்று என்றும் விரலை மடக்கிச் சொன்னாள்.

"நேற்று என்ன சொன்னீர்கள்?"

அம்மா முந்தைய நாள் சொன்ன அதே ஆங்கிலத்தில் சொன்னாள். அண்ணன் தொலைபேசி அருகிலேயே தரையில் உட்கார்ந்தார்.

ஜும்மா பிரசங்கம் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. அவர் முதல் மணியிலேயே எடுத்தார். அவர்களுடைய மொழியில் வேகமாக, கெஞ்சும் குரலில் பேசினார். நடுவில் 'சார்' என்ற சொல் வந்தது. எங்கள் பக்கம் கை காட்டினார், அவள் எதிரே நிற்பதுபோல. பிறகு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். ரிசீவரை வைக்கும்போது அது தாங்கியில் சரியாக உட்காரவில்லை. அம்மா போய்ச் சரியாக வைத்தாள்.

"முடிந்துவிட்டது, மேடம். இன்று மதியம்" என்றார். பிறகு, "நேற்று என்னென்ன பாட்டு வாசித்தாய் என்று கேட்டாள்" என்றார்.

"உனக்குத் தெரியாதுன்னு சொன்னியா தம்பி? நாங்கதான் சொல்லலைன்னு சொன்னியா?" அம்மா தமிழிலேயே கேட்டாள். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"சொன்னேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தினமும் சோறு போட்டுக்கொண்டு, யாராவது இதைச் சொல்லாமல் இருப்பார்களா என்று கேட்டாள். இனி வர வேண்டாம் என்றாள்."

அதை நான் தமிழில் அம்மாவுக்குச் சொல்லி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.

அப்பா கஃபீலைத் தேடி அவர் வீட்டுக்கும், அங்கிருந்து பள்ளிவாசலுக்கும் போயிருந்தார். தொழுகை முடியும்வரை வெயிலில் நின்றிருக்கிறார். கஃபீல் வெளியே வந்து விஷயத்தைக் கேட்டதும் தானே காரை ஓட்டிப்போய் ஆபீசைத் திறந்து பெட்டகத்திலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறார். "தாய் செத்ததுக்கு நான் லீவு இல்லைன்னு சொல்வேனா? முதல் நாளே ஏன் சொல்லல?" என்று இந்தியில் கேட்டாராம். இதை அப்பா பல வருடங்கள் கழித்துத்தான் அம்மாவிடம் சொன்னார்.

அன்று அவர் படியேறி வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. வாசலிலிருந்தே பாஸ்போர்ட்டை உயர்த்திக் காட்டினார்.

"கெடைச்சிருச்சு! சாயங்காலம் ஃபிளைட் இருக்கு, விசாரிச்சிட்டேன். கெளம்பு, கெளம்பு. யல்லா!"

யாரும் எழவில்லை. அப்பா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியாக அண்ணனைப் பார்த்தார்.

"கலாஸ், சார்" என்றார் அண்ணன், முடிந்துவிட்டது என்று அரபியில்.

அப்பா நீட்டிய கையை மடக்கவில்லை. அண்ணன் எழுந்து அந்தப் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் வாங்கி, "தேங்க் யூ, சார்" என்று சொல்லி, டெலிவிஷன் மேல் வைத்துவிட்டு அறைக்குள் போனார். அந்த அறையிலிருந்து மாலைவரை எந்தச் சத்தமும் வரவில்லை. அம்மா இரண்டு முறை கதவில் காதை வைத்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை கம்பெனி பிக்கப் வரும் நேரத்தில் அண்ணன் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, கருவிப் பையுடன் வெளியே வந்தார். அப்பா வாசலை மறைத்து நின்றார்.

"இன்னைக்கு நீ வர வேண்டாம். நான் பிரசென்ட் போட்டுக்கிறேன். ஒரு வாரம்கூடப் போட்டுக்கிறேன்."

"ஏசி கம்ப்ளெயிண்ட் நிறைய இருக்கும், சார்" என்றார் அவர். குரலில் குத்தல் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. "சம்மர்."

அப்பா விலகி வழிவிட்டார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அண்ணன் பிக்கப்பின் பின்புறம் மற்ற ஆட்களோடு ஏறிக்கொண்டார். அப்பா ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் அந்தப் பாஸ்போர்ட் இருந்தது. அதைத் திரும்பப் பெட்டகத்தில் வைக்க வேண்டியிருந்தது.